கடுவும் காபூலும்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் தை மாதத்தில் போனால் மரத்தடியில் கடுக்காய் உதிர்ந்து கிடக்கும். மலையாளிப் பழங்குடி மக்கள் அதைப் பொறுக்கி, காயவைத்து விற்கிறார்கள். உடலில் வரிவரியாய் மேடோடிய இந்தக் காய்க்குத் தமிழ் வைத்த பெயரும் தாவரவியல் வைத்த பெயரும் வெவ்வேறு கதை சொல்கின்றன.

'கடு' என்ற அடியில் மிகுதி என்னும் பொருள் உண்டு. கடுமழை, கடுங்கோபம், கடுங்காப்பி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கடுக்காயில் மிகுந்திருப்பது துவர்ப்பு. ஒரு துண்டை வாயில் அடக்கினால் நாக்கு வறண்டு கன்னம் உள்ளே இழுக்கும். மலையாளத்திலும் அது 'கடுக்க'தான்.

கால் கடுக்கிறது, வயிற்றுக்கடுப்பு என்கிறோமே, அதுவும் இதே அடிதான். அதனால் கடுப்பைப் போக்குவது கடுக்காய் என்று பொருள் சொல்லத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. புளிப்பைக் கொண்டு புளியங்காய் என்றதுபோல, சுவையைக் கொண்டு கடுக்காய் என்றார்கள். நோயின் பெயர் வலியிலிருந்து வந்தது, காயின் பெயர் நாக்கிலிருந்து வந்தது.

தாவரவியலில் இது 'டெர்மினாலியா செபுலா'. கிளை நுனியில் இலை கொத்தாக நிற்பதால் லத்தீனில் டெர்மினாலியா. 'செபுலா' என்பது காபூல்! வடமொழி 'ஹரீதகி' பாரசீகம் போய் 'ஹலீலா' ஆயிற்று. காபூல் சந்தை வழியே மேற்கே சென்ற உயர்ந்த சரக்கை அரபு மருத்துவர்கள் காபூல் கடுக்காய் என்றார்கள். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அது 'செபுலஸ்' என மருவியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ் அதையே அறிவியல் பெயராக்கினார். காய் நம் காட்டில் விளைய, பெயர் வணிகப் பாதையில் விளைந்தது.

அந்தக் காபூலைத் தாங்கியே காயில் உள்ள வேதிப்பொருள்களுக்கும் பெயர் வந்தது: செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம். இரண்டும் டானின்கள். டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றும்போது நாக்கு துவர்க்கிறது, தோலில் உள்ள புரதத்தைப் பற்றும்போது தோல் பதமாகிறது. கடுக்காய் தோல் பதனிடும் தொழிலுக்குப் போன காரணம் இதுதான்.

2009இல் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செபுலாஜிக் அமிலத்தை எலியின் மேக்ரோஃபேஜ் அணுக்களில் சோதித்தார்கள். கிருமியை விழுங்கும் காவல் அணுக்கள் இவை. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை இட்டதும் இவை கிளர்ந்து, அழற்சியைத் தூண்டும் சுரப்புகளைக் கொட்டும். செபுலாஜிக் அமிலம் சேர்த்தபோது, அணுவுக்குள் அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும் என்.எஃப்.-கப்பா-பி என்ற விசை அடங்கியது, சுரப்புகளும் குறைந்தன.

ஆய்வகத் தட்டில் நடந்தது உடலில் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. இந்த டானின்களில் பெரும்பகுதி குடலில் நேரே உறிஞ்சப்படாது. குடல் நுண்ணுயிரிகள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன. உடலுக்குள் வேலை செய்வது எது என்பதை மனிதரிடம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

பெயர் ஒரு காயின் குணத்துக்குத் தடயம் தரும், நோய் தீரும் என்று சான்று தராது. ஆனால் அந்தத் தடயத்தைக் காத்தவர்கள் காயைச் சுவைத்துப் பார்த்தவர்கள். கொட்டையை நீக்கிச் சதையை மட்டும் மருந்துக்கு எடுக்கும் நம் வழக்கமும் அவர்கள் தந்ததே. எந்த மரத்தின் காய், எந்தப் பருவத்தில் கூடுதலாகத் துவர்க்கிறது என்று கல்வராயன் மலையில் பொறுக்குகிறவர்களைக் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆய்வு அங்கிருந்தே தொடங்கலாம்.