புன்னகைக்கு ஒரு மெழுகு மாதிரி

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிச் செல்வோர் சிலரே. அவை முற்றுப்பெறாதவை. ஆயினும், பல்லவச் சிற்பி எவ்வாறு வேலை செய்தான் என்பதை அறிய விரும்புவோர்க்கு அவையே நல்ல பாடநூல். பாறையின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் சிறிது சிறிதாகப் பெயர்த்திருப்பதை அங்கே காணலாம். உளி பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவேதான் வெட்டுவதற்கு முன்பே அவ்வளவு கணக்கு.

அதே ஊரில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசு சிற்பக் கல்லூரியில் உலோகப் படிமக் கலையும் கற்பிக்கப்படுகிறது. படிமம் வார்க்கும் சிற்பி முதலில் செய்வது மெழுகு உரு. மெழுகில் மூக்கு நீண்டுவிட்டால் குறைக்கலாம், குறைந்துவிட்டால் கூட்டலாம். மனத்துக்கு நிறைவான பிறகே உலோகத்தை உருக்குவார்கள்.

பல் மருத்துவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பல்லின் மேலுறையாகிய எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள், பல் ஈறை விட்டு வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. எனவே தேய்த்தெடுத்த எனாமல் மறுபடி வளர்வதில்லை. முன்பல்லில் அதன் கனம் நுனிப்பகுதியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்; ஈறை நெருங்க நெருங்க அதிலும் குறைவு. ‘வெனீர்’ எனப்படும் மெல்லிய பீங்கான் தகட்டைப் பொருத்துவதற்காகப் பலருக்கு இந்த எனாமலில் அரை மில்லிமீட்டர் அளவு தேய்த்தெடுக்கப்படுகிறது.

இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில், காட்டாங்குளத்தூர், மேல்மருவத்தூர் போன்ற இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. திருமணத்துக்கு முன் முன்பற்களை அழகுபடுத்திக்கொள்ள விரும்பும் இளைஞர்களும் பெருகிவருகின்றனர். ‘முடிந்த பிறகு எப்படி இருக்கும்?’ என்பதுதான் அவர்களுடைய முதற்கேள்வி. அக் கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளின் வரலாறு இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

வாயின் நகல்

பழங்காலத்தில் செயற்கைப் பற்களை யானைத் தந்தத்திலும் நீர்யானையின் பல்லிலும் செதுக்கினார்கள். வாயில் வைத்துப் பார்ப்பதும், உறுத்தும் இடத்தைச் சுரண்டுவதுமாக வேலை நீளும். 1756-இல் பெர்லின் நகரப் பல் மருத்துவர் ஃபிலிப் ஃபாஃப் ஒரு புதிய வழியை எழுதி வெளியிட்டார். மெழுகால் வாயின் அச்சை எடுத்து, அதில் பாரிஸ் சாந்தை ஊற்றி, நோயாளியின் வாய்க்கு ஒரு நகலைச் செய்வதே அவ்வழி. அதன் பிறகு நோயாளி எதிரில் இல்லாமலேயே அவருடைய பற்களை மேசைமீது வைத்து ஆராய முடிந்தது. முன்னோட்டத்தின் முதற்படி இதுதான்.

நம் சிற்பிகள் அறிந்த மெழுகு வார்ப்பு முறையும் பல் மருத்துவத்துள் நுழைந்தது. 1907-இல் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட், சொத்தைப் பல்லில் பொருத்தும் தங்க அடைப்புகளை இம் முறையில் வார்த்துக் காட்டினார்.

கடற்பாசி தந்த அச்சு

மெழுகு அச்சில் ஒரு குறை இருந்தது. பல்லின் நடுப்பகுதி புடைத்தும் அடிப்பகுதி ஒடுங்கியும் இருக்கிறது. மெழுகை வெளியே இழுக்கும்போது புடைப்பில் சிக்கி உருமாறிவிடும். அந்தச் சமயத்தில் விரிந்து கொடுத்து, பின் பழைய வடிவுக்கே மீளும் பொருள் தேவைப்பட்டது. அதாவது, மீட்சித் தன்மை வேண்டும்.

அத்தகைய பொருளைக் கடல் தந்தது. முதலில் பயன்பட்டது அகர் என்னும் கடற்பாசிக் கூழ். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து அகர் வருவது தடைப்பட்டது. அதன் இடத்தை ஆல்ஜினேட் பிடித்தது. 1880-களில் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலார் ஸ்காட்லாந்தில் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் உப்பு அது. சோடியம் ஆல்ஜினேட்டுடன் ஜிப்சம் கலந்த தூளில் நீர் விட்டுக் குழைத்தால், ஜிப்சத்திலுள்ள கால்சியம் அதைச் சில நிமிடங்களில் ரப்பர் போன்ற கூழாக்கிவிடுகிறது.

இப் பாசிகள் நமக்கு அந்நியமல்ல. மாமல்லபுரத்துக் கடற்பாறைகளில் பருவத்துக்கேற்ப மாறிவரும் பாசிகளைப் பற்றி 1946-இலேயே கே. எஸ். சீனிவாசன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தெற்கே மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் ‘கட்டக்கோரை’ ஆல்ஜினேட் தரும் பழுப்புப் பாசியே ஆகும்.

நடிகர்களின் பற்கள்

வாயின் நகல் கிடைத்த பிறகு அதன்மேல் மெழுகை ஏற்றிப் புதிய பல்வரிசையை உருவாக்கிக் காட்டலாம். ஆனால், அழகுக்காக மட்டும் பல்லை மூடும் வழக்கம் சினிமாவால் வளர்ந்தது. 1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்கு சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய முகப்புகளைச் செய்து கொடுத்தார். உறுதியாக ஒட்டும் பசை அந் நாளில் இல்லை. ஆகவே படப்பிடிப்பின்போது அவற்றைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொண்டு, முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். தெருக்கூத்துக் கலைஞர் விடிந்ததும் வேடத்தைக் கலைப்பது போன்றதே இது. பிடிக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

நிலைமை பிறகு மாறியது. 1955-இல் மைக்கேல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் நன்றாகப் பற்றுகிறது என்று கண்டார். 1980-களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து, பல்லோடு உறுதியாக ஒட்டும் முறை வந்தது. தகடு நிலையாக நின்றது. கூடவே, அதற்கு இடம் கொடுக்கப் பல்லைத் தேய்ப்பதும் வந்தது. முன்பு கழற்றக்கூடியதாயிருந்த வேடம் கழற்ற முடியாததாயிற்று. முன்னோட்டம் விருப்பத்துக்குரிய ஒன்றாக இருந்த நிலை போய்க் கட்டாயத் தேவையானது இந்தக் கட்டத்தில்தான்.

வாயிலேயே ஓர் ஒத்திகை

இதற்கு இன்று நல்லதொரு வழி இருக்கிறது. மெழுகு மாதிரியின்மேல் சிலிக்கோன் அச்சு எடுத்து, அதில் பல் நிறப் பிசினை நிரப்பி, தேய்க்கப்படாத பற்களின்மேல் அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் புதிய பல்வரிசை வாயிலேயே தோன்றிவிடும். பார்த்தபின் எடுத்துவிடலாம்.

இந்த ஒத்திகையில் கண் மட்டுமன்றிக் காதும் வேலை செய்கிறது. மேற்பல்லும் இதழும் இயைவதால் வகரம் பிறக்கிறது என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. மேல் முன்பல் மிக நீண்டுவிட்டால் அவ்வொலி தடுமாறும். எனவே ‘வா’, ‘வீடு’, ‘வெல்லம்’ என்று சொல்லிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. ஆனால் இம் முறைக்கு ஓர் எல்லை உண்டு. இருப்பதன்மேல் கூட்டிக் காட்டலாமேயன்றிக் குறைத்துக் காட்ட இயலாது. துருத்திய பல் உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பதை இது காட்டாது.

திரையில் தெரியும் முகம்

1985-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் மோர்மன், பிராண்டெஸ்டினி ஆகியோரின் கருவி, வாயினுள் ஒளியைச் செலுத்திப் பல்லின் வடிவை அளந்து, அதைக் கொண்டே பீங்கான் அடைப்பைக் கடைந்தெடுத்தது. இன்று நோயாளியின் நிழற்படத்தின்மேலேயே புதிய பற்களைக் கணினியில் பொருத்திக் காட்டுகிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது இயற்பியல் நெறிகள் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, முகக்கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும், நிழற்படம் மாற்றாது. நம் முகத்தை நாம் அறிந்திருப்பது கண்ணாடியில். மீட்டா, டெர்மர், நைட் என்ற அமெரிக்க உளவியலார் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தம் கண்ணாடி உருவையே விரும்புவதையும், அவர்களுடைய நண்பர்கள் நேர் உருவை விரும்புவதையும் கண்டனர். ஆகவே முன்னோட்டப் படத்தைக் கண்ணாடியோடு ஒப்பிடலாகாது. சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிடவேண்டும்.

இரண்டாவது, நிறம். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து அதிக வெண்மையாகத் தோன்றும். எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் இருந்த இடத்தில் காற்று புகுவதால் ஒளி மிகுதியாகச் சிதறுகிறது. நனைந்த வேட்டியினூடே உடல் தெரிவதும், உலர்ந்ததும் அது வெளுப்பதும் இதனாலேயே. எனவே நிறத்தைத் தொடக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில் முடிவு செய்தல் நலம். மின்விளக்கில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடக்கூடும்.

திரையிலுள்ள படம் வரைபடமே. வரைபவர் எந்தப் பல்லையும் எங்கும் வைக்கலாம்; எலும்பும் ஈறும் கடியும் அதற்கு உடன்படுமா என்பதைப் படம் சொல்லாது. ஆகவே அழகுச் சிகிச்சைக்குச் செல்வோர் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். என் பல்லில் எவ்வளவு தேய்க்கப்படும்? தேய்க்காமல் கம்பி கட்டியோ வெளுப்பேற்றியோ இதைச் சரிசெய்ய இயலுமா? தேய்ப்பதற்கு முன் மாதிரியை என் வாயில் வைத்துக் காட்டுவீர்களா?

மாதிரி பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பற்கள் முன்போலவே இருக்கும். மெழுகைத் திருத்த எத்தனை முறை வேண்டுமானாலும் வாய்ப்பு உண்டு. எனாமலைத் திருத்த ஒரு முறைகூட இல்லை.