ஷெல்லிதாசன் மதுரையில் இருந்த நூறு நாட்கள்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளியைத் தாண்டும்போது, "மாமா, இங்கிலீஷ் நல்லா வந்துட்டாப் போதும்ல? தமிழ் எதுக்கு?" என்று கேட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பதில் இருக்கு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை அங்கே தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார் சுப்பிரமணிய பாரதி. அப்போது வயது 21. மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அதற்குச் சற்று முன், ஜூலையில், மதுரையிலிருந்து வெளியான 'விவேகபாநு' இதழில் 'தனிமை இரக்கம்' என்ற கவிதை வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை என்று அறியப்படுவது அதுதான். தமிழ் நடை சங்கப் பாட்டு மாதிரி இருக்கும். எண்ணிப் பார்த்தால் 14 அடி, ஆங்கில சானட்டின் அளவு!

அந்த வயதில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஷெல்லிதாசன்'. எட்டயபுரத்தில் நண்பர்களைக் கூட்டி ஷெல்லி பெயரில் ஒரு சங்கமும் நடத்தினார்.

ஷெல்லி என்றால் வானம்பாடியும் மேகமும் பாடியவர்னுதான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மனப்பாடம் பண்ணினேன், மார்க் வாங்கினேன், மறந்துபோனேன். ஷெல்லியின் இன்னொரு பக்கம் பின்னால்தான் தெரிந்தது. நாத்திகத் துண்டறிக்கை எழுதி 1811-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து நீக்கப்பட்டவர். 1819-ல் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய ஜனங்கள்மீது குதிரைப்படையை ஏவியபோது, சொந்த நாட்டு அமைச்சர்களைப் பெயர் சொல்லிச் சாடி நீண்ட பாட்டு எழுதினார். அச்சிடப் பயந்தார்கள். அது வெளிவந்தது 1832-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே, முப்பது வயது நிரம்பும் முன், அவர் இத்தாலிக் கடலில் மூழ்கி இறந்துவிட்டார்.

இதே பாரதிதான் பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில், திருநெல்வேலியில் படித்த ஆங்கிலப் படிப்பைக் கடுமையாகத் திட்டினார். அப்பா காசு கரைந்ததுதான் மிச்சம் என்று நொந்துகொண்டார். ஷெல்லிக்கு தாசன், ஆங்கிலப் படிப்புக்கு எதிரி. முரண்பாடு மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வெறுத்தது, தன் ஊரை மறக்கடிக்கிற படிப்பை. எடுத்துக்கொண்டது, தன் நாட்டு அதிகாரத்தை நோக்கித் தன் மொழியிலேயே பேசிய ஒரு கவிஞனின் துணிச்சலை. ஷெல்லி இங்கிலாந்துக்காரர்களிடம் இங்கிலீஷில் பேசினார். அவரிடம் பாடம் கற்ற பாரதி, தமிழர்களிடம் தமிழில் பேசினார்.

பிறமொழிக் கவிஞனைப் படிப்பது அவனைப் போலவே பேசுவதற்காக இல்லை. அவன் தன் ஜனங்களுக்குச் செய்ததை நாம் நம் ஜனங்களுக்குச் செய்யத்தான்.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவள், "அந்தப் பதினாலு வரி வீட்டுல இருக்கா மாமா?" என்றாள். பாரதியார் கவிதைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஷெல்லியையும் கூடவே வைத்திருக்கிறேன்.