அலை காட்டும் இடம்

வானொலிப் பெட்டியை மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் ஒலி தேய்வதை நேயர்கள் அறிவர். அத்தேய்வு ஒலிபரப்பு நிலையம் உள்ள திசையை உணர்த்தும்.

1942 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்த பிரித்தானியக் கடற்படையின் ஒற்றறியும் பிரிவு, பகைவரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டது. அப்போரில், அலை வரும் திசையை இரு நிலையங்கள் தனித்தனியே அளந்து படத்தில் கோடு வரையும். கோடுகள் வெட்டுமிடமே கப்பல் நிற்குமிடம்.

ஆயினும், வாய் திறவாத கப்பலை இம்முறை காட்டாது. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்ணாற் கண்டவர் கனடிய விமானி லெனாட் பேர்ச்சாலும் அவர்தம் குழுவினருமே. சுட்டு வீழ்த்தப்படுமுன் அவர்கள் செய்தி அனுப்பினர். மறுநாட் காலை கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திற் குண்டுகள் விழுந்தபோது, கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தன.

இன்று வயலிலும் காட்டிலும் பரப்பிவைக்கும் சிறு உணர்கருவிகளின் இடத்தை, அவற்றின் அலைவலிமை கொண்டு கணிக்கின்றனர். வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் வலிமை காற்பங்காகும். இடமறிந்த மூன்று கருவிகளிலிருந்து தொலைவு தெரிந்தால், நான்காவதன் இடம் புலப்படும். மரமும் சுவரும் வலிமையைக் குறைத்துக் கணிப்பைப் பிழைபடுத்துவதுண்டு. ஒரு சான்றையே நம்பாது பலவற்றை ஒப்புநோக்குவதே அன்றும் இன்றும் அறிவுடைமை.