பரதேசி என்னும் சொல்லும் ஓர் ஆய்வாளரின் வாழ்வும்

மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், அரண்மனையை ஒட்டி நிற்கும் யூதத் தொழுகைக்கூடத்துக்குப் ‘பரதேசி’ என்பதே பெயர். கட்டப்பட்ட ஆண்டு 1568. இன்றைய தமிழில் வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்ட இச்சொல், அங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்னும் மூலப்பொருளோடு வாழ்கிறது. ஐபீரியா முதலிய நிலங்களிலிருந்து துரத்தப்பட்டோருக்கும் அவர்தம் வழியினருக்கும் கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் கொடுத்தார். இடம் கிடைத்த ஊரில் பரதேசி என்பது ஒரு சமூகத்தின் பெயர். இடம் கிடைக்காத ஊரில் அது இழிசொல்.

ஆய்வுலகிலும் பரதேசிகள் உண்டு. முனைவர் பட்டம் பெற்றபின் ஒரு நாட்டில் இரண்டாண்டு, மற்றொரு நாட்டில் மூன்றாண்டு என ஒப்பந்தப் பணிகளில் அலையும் மேலாய்வாளர்கள் அவர்கள். இந்நிலை இன்று தோன்றியதன்று. ஜெனீவாவின் மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் உதவியாளராக இருந்து, பின் இந்திய மருத்துவ வரலாற்றில் நிலைபெற்ற வால்டெமார் ஹாஃப்கினின் வாழ்வு அதற்குச் சான்று.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இலியா மெச்னிகோவிடம் விலங்கியல் பயின்று 1884இல் முனைவரானார். ஆனால் அன்றைய ரஷ்யாவில் யூதர் ஒருவர் பேராசிரியராவது அரிது. மதம் மாறினால் வழி திறக்கும் என்ற நிலையில் அவர் மாற மறுத்தார். விலங்கியல் அருங்காட்சியகப் பணியோடு ஒடெசாவில் அவர் வாழ்வு நின்றது.

1888இல் ஜெனீவா சென்று, உடலியங்கியல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷிஃபிடம் உதவியாளரானார். ஷிஃபும் ஊர் மாறி வந்தவரே. ஃபிராங்க்ஃபர்ட்டில் யூதராகப் பிறந்து, பெர்னிலும் ஃபிளாரன்ஸிலும் பணியாற்றி, விலங்குகள்மீதான சோதனைகளுக்கு எதிர்ப்பு வலுத்தபின் 1876இல் ஜெனீவாவில் அமர்ந்தவர். இடம் தேடி அலைந்த ஒருவரின் துறையில் மற்றொருவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் உதவியாளர் பதவி நிலையான பதவியன்று. மறு ஆண்டே ஹாஃப்கின் பாரீஸ் சென்றார். மெச்னிகோவ் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. அப்பணியில் இருந்தபடியே ஆய்வைத் தொடர்ந்து காலராத் தடுப்பூசியை உருவாக்கி, 1892 ஜூலையில் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார்.

1893இல் அவர் கல்கத்தா வந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் நடைபாதை ஒன்றில் அவருக்கு ஆய்வுக்கூடம் அமைந்தது. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று பியூன்களும். சில மாதங்களில் தடுப்பூசி உருவாயிற்று. 1897 ஜனவரி 10 அன்று அதையும் தமக்கே முதலில் செலுத்திக்கொண்டார். நடைபாதையில் தொடங்கிய அப்பணி, 1899இல் பரேலின் பழைய அரசு மாளிகைக்கு இடம் பெயர்ந்தது.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனஸால் இறந்தனர். பத்தொன்பது பேரும் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர்கள். கேடு ஆய்வுக்கூடத்தில் நேர்ந்ததா, ஊரில் புட்டியைத் திறந்தபோது நேர்ந்ததா என்பதே கேள்வி. பழி ஆய்வுக்கூடத்தின்மீது விழுந்தது. ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் ஆங்கிலேயர் அல்லர். மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர். படைமருத்துவர்கள் நிறைந்த ஓர் அமைப்பில் அவருக்காகப் பேசும் குழு இல்லை. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் வெளிப்படையாக வாதாடிய பின், 1907இல் பழி நீங்கியது. அதன்பின் கல்கத்தாவில் பணி கிடைத்தது. பம்பாய்ப் பொறுப்பு மீளவில்லை. பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டபோது அவர் இந்தியாவில் இல்லை. 1930இல் லோசானில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு ஜூ டவுனை இலட்சிய ஊராகக் கொள்வதும் பொருந்தாது. அரசரிடம் இடம் பெற்ற பரதேசி யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரைத் தம் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரவிடவில்லை. அவ்வழியில் 1882இல் பிறந்த ஏ. பி. சேலம், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் சென்னையிலும் கற்று வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்திலும் அமர்ந்தார். தொழுகைக்கூடத்தில் அமர்வதற்கோ அவர் சத்தியாகிரகம் செய்ய நேர்ந்தது. இன்று ஜூ டவுனின் தெரு அவர் பெயரைத் தாங்குகிறது.

இரு வாழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. தகுதி வேறு, இடம் வேறு. தகுதியை ஒருவர் உழைத்து ஈட்டலாம். இடத்தைப் பிறர்தாம் தரவேண்டும். நடைபாதையில் அமர்த்தப்பட்டவரின் பெயரைப் பின்னாளில் கட்டடத்துக்கு வைப்பது நன்றியாகலாம், நீதியாகாது. ஒப்பந்தத்தில் வந்த ஆய்வாளர்மீது ஒரு பிழைக்கான ஐயம் எழும்போது, நிலையான பதவியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே பொறுமையான விசாரணை அவருக்கும் கிடைக்கிறதா? ஒரு துறையின் அறத்தை அளக்க அக்கேள்வி போதும்.