அந்தமானுக்கு முன்னர் ஒரு நீதிமன்றம்: வழக்குரைஞரை மறுத்த லாகூர்க் கைதிகள்

வழக்குரைஞர் துணையின்றி அவையேறித் தம் வழக்கைத் தாமே உரைத்தவர் எனின், தமிழ் மரபில் முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகி. கோவலனுக்கு அவ்வாய்ப்பும் வழங்கப்படவில்லை. வழக்குரைஞர் கிடைக்கும் நிலையிலும் அவரை வேண்டாவென்று மறுத்தோர் சிலர் 20ஆம் நூற்றாண்டில் இருந்தனர். அவர்களுட் சிலரை ஆங்கில அரசு அந்தமான் செல்லுலார் சிறைக்கு அனுப்பியது. அச்சிறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கைதிகள் கப்பலேறிய நாளிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முன்னர் நீதிமன்றத்தில் அவர்கள் மேற்கொண்ட நிலைப்பாட்டையும் சேர்த்து நோக்கினாலன்றி 1933ஆம் ஆண்டு உண்ணாநோன்பின் தன்மை முழுமையாக விளங்காது.

1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்தியச் சட்டமன்றத்தில் குண்டு வீசிய பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் தப்பியோட முயலாமல் கைதாயினர். தத்துக்காக ஆசப் அலி வாதிட்டார். பகத்சிங் சட்ட ஆலோசகர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு தம் வழக்கைத் தாமே நடத்தினார். தண்டனையைக் குறைத்துக்கொள்வது அவர் நோக்கமன்று. இயக்கத்தின் கொள்கையை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுவதே நோக்கம். சூன் 12 அன்று இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

லாகூர்ச் சதி வழக்கில் நிலைமை மாறியது. 1930 மே 1 அன்று வைசிராய் இர்வின் பிறப்பித்த அவசரச் சட்டம் மூவர் கொண்ட தனித் தீர்ப்பாயத்தை நிறுவியது. உயர்நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு அதில் இடமில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோர் இல்லாமலேயே விசாரணையைத் தொடரவும் அது வழிசெய்தது. இந்நிலையில் 'தனக்குத் தானே வாதிடல்' என்பதன் பொருள் யாது? கைதிகள் இதற்கு ஒரே விடையைக் கூறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சிலர் வழக்குரைஞரை அமர்த்திக்கொண்டனர். பகத்சிங் முன்போலவே துனிசந்த் என்னும் ஆலோசகரின் துணையை மட்டும் ஏற்றார். மகாவீர் சிங், தத், கயா பிரசாத், குந்தன் லால், ஜதீந்திரநாத் சன்யால் ஆகிய ஐவரோ தீர்ப்பாயத்தையே ஏற்க மறுத்தனர். மே 5 அன்று ஐவர் சார்பிலும் சன்யால் அறிக்கை ஒன்றைப் படிக்கத் தொடங்கினார். அந்நியர் ஆட்சி அமைத்த மன்றத்தில் நீதியை எதிர்பார்ப்பதற்கில்லை என்பது அவர்கள் நிலை. மே 12 அன்று காவலர் கைதிகளை நீதிமன்றத்திலேயே தாக்கினர். நீதிபதி ஆகா ஹைதர் அந்நடவடிக்கையில் தமக்குத் தொடர்பில்லை எனப் பதிவு செய்தார். விரைவில் தீர்ப்பாயம் மாற்றியமைக்கப்பட்டபோது அவருக்கு அதில் இடமிருக்கவில்லை.

இவ்விடத்துப் பகத்சிங்கின் மடலொன்று நோக்கத்தக்கது. மகனைக் காக்க விரும்பிய தந்தை கிஷன் சிங், கொலை நிகழ்ந்த நாளில் பகத்சிங் லாகூரில் இல்லை எனத் தீர்ப்பாயத்துக்கு மனு அளித்தார். அதையறிந்த மகன் 1930 அக்டோபர் 4 அன்று எழுதிய மடலில் தந்தையைக் கடுமையாகக் கண்டித்தார். அம்மடலை வெளியிடுமாறும் வேண்டினார். தம் பொருட்டுப் பிறர் பேசுவதை, அப்பிறர் தந்தையே ஆயினும், அவர் ஏற்கவில்லை. தந்தையின் நோக்கில் காண்பார்க்கு இம்மடல் கொடிதாகவே தோன்றும். மூன்று நாளில் தீர்ப்பு வந்தது. பகத்சிங், இராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்கு. மகாவீர் சிங் உள்ளிட்ட எழுவருக்கு ஆயுள் தண்டனை.

மகாவீர் சிங் பின்னர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். தீர்ப்பாயத்தின்முன் வாய்திறக்க மறுத்த அவர், செல்லுலார் சிறையில் உணவுக்கு வாய்திறக்க மறுத்தார். நல்லுணவு, விளக்கு, நூல்கள், செய்தித்தாள்கள் முதலியவற்றைக் கோரி 1933 மே 12 அன்று அங்கு உண்ணாநோன்பு தொடங்கியது. வலிந்து பால் புகட்டியபோது அது நுரையீரலுள் சென்றதால் மே 17 அன்று அவர் இறந்தார். அம்மாதம் முடிவதற்குள் மோகன் கிஷோர் நமதாசும் மோகித் மொய்த்ராவும் இவ்வாறே உயிரிழந்தனர். மகாவீர் சிங்கின் உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்படவில்லை, கடலில் இடப்பட்டது. நோன்பு சூன் இறுதிவரை நீடித்தது. அதன்பின் கைதிகளின் அறைகளுக்கு விளக்கும் நூல்களும் வந்தன.