"கவனமாத்தான் இருந்தேன் சார்"

1/ தீக்காய வார்டில் ஒரு அம்மா. நாரணாபுரம் பக்கம் பட்டாசு வேலை. ரெண்டு கையிலும் கட்டு. வலி எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். பதில் வேற வந்துச்சு: "நான் கவனமாத்தான் இருந்தேன் சார். போர்மேன் அண்ணாச்சிட்ட நீங்க சொல்லிருங்க."

2/ உயிர் பிழைச்சு வந்தவங்க முதல்ல சொல்ற வார்த்தை இது. காரணம் இருக்கு. மறுநாள் பேப்பர்ல "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு" என்று வரும். உராய்வுன்னா யாரோ ஒருத்தர் கை. பழி அந்தக் கைக்குப் போயிடும். இது நியாயமான்னு பார்க்க, கொஞ்சம் பழைய கதை ரெண்டு சொல்றேன்.

3/ முதல் கதை தீப்பெட்டி. 19ஆம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகையைத் தினமும் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல்வலியில் ஆரம்பிக்கும். அப்புறம் தாடை எலும்பே செத்து, சீழ் வைக்கும். பேரு 'பாஸி ஜா'. இன்னைக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவங்களுக்குக் கொடுக்கிற பிஸ்பாஸ்போனேட் மருந்தால, அபூர்வமா இதே மாதிரி தாடை பாதிப்பை நாங்க பார்க்கிறோம்.

4/ 1888ல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பேர், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும், வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அவங்க குறைகளில் இந்த நோயும் ஒண்ணு. அந்தக் காலத்து அறிவுரை என்ன? கையைக் கழுவு, சொத்தைப் பல்லைப் பிடுங்கு. அதாவது, நீ கவனமா இரு.

5/ கொடுமை என்னன்னா, மாற்று ஏற்கெனவே தெரியும். சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவும் பாதுகாப்புத் தீக்குச்சிக்கு ஸ்வீடனில் 1844லயே காப்புரிமை வாங்கிட்டாங்க. வெள்ளை பாஸ்பரஸைத் தடுக்கும் பெர்ன் ஒப்பந்தம் வர 1906 ஆச்சு. இந்தியாவில் தடைச் சட்டம் 1913ல்.

6/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து, 1923ல் சிவகாசியில் தீப்பெட்டி ஆரம்பிச்சாங்க. தடை வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. லண்டன் பெண்களைவிட நம்ம பாட்டிமார் கவனமானவங்கன்னு அவங்க தாடை தப்பிக்கல. அந்தப் பொருள் பட்டறைக்குள்ளேயே வரல. அவ்வளவுதான்.

7/ ரெண்டாவது கதை பட்டாசு. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தா சின்ன உராய்வுக்கே வெடிக்கும். ஈரம் பட்டுக் கந்தகத்தில் அமிலம் உண்டானா, யாரும் தொடாமலேகூடப் பத்தலாம். பிரிட்டன் தன் நாட்டுப் பட்டாசில் இந்தக் கலவையை 1894ல் தடை செஞ்சது.

8/ அதே பிரிட்டிஷ் ஆட்சி 1884லயே இங்கே வெடிபொருள் சட்டம் கொண்டு வந்திருந்தது. 1940ல் விதிகள் வந்து, உரிமத்தோட சிவகாசிப் பட்டாசு வளர்ந்தது. ஆனா இந்தியப் பட்டாசில் குளோரேட்–கந்தகக் கலவைக்குத் தடை வந்தது 1992 ஜனவரியில். 98 வருஷ இடைவெளி. அத்தனை வருஷமும் நம்ம ஆட்களுக்குக் கிடைச்சது கவனமா இருங்கங்கிற அறிவுரை.

9/ சரி, தடைக்கு அப்புறம்? அலுமினியப் பொடி, வெடியுப்பு, கந்தகம். முன்னதைவிடப் பரவாயில்ல, ஆனா சாது கிடையாது. அதனாலதான் விதிகள் வேற வழி பார்க்குது: அறைக்கு இத்தனை பேர், இத்தனை மருந்து, அறைகளுக்கு இடையில் இவ்வளவு தூரம். கை ஒருநாள் தவறும்னு ஒத்துக்கிட்டு, தவறினாலும் சாவு குறையணும்னு போட்ட கணக்கு அது.

10/ அந்தக் கணக்கு உடைஞ்சா என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: கிட்டத்தட்ட 40 உயிர். அதில் பலர் உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்துச் சனம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். ரெண்டுலயும் பின்னால பேசப்பட்டது அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை.

11/ இதோட குரோஸ் கணக்குக் கூலியைச் சேர்த்துப் பாருங்க. எத்தனை குரோஸ் முடிக்கிறோமோ அவ்வளவு காசு. தீபாவளி நெருங்க நெருங்க கை வேகமாகும். வேகத்துக்குக் கூலி கொடுத்துட்டு நிதானத்தை எதிர்பார்க்கிறது என்ன நியாயம்?

12/ சட்டத்துக்கு இது அப்பவே தெரிஞ்சிருக்கு. சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கின அதே 1923ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் நடந்த விபத்தில் இறந்தவர் கவனக்குறைவா இருந்தார்னு சொல்லி, குடும்பத்துக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது. இன்னைக்கும் அதே கொள்கைதான். "அவன் தப்புதானே" என்று யாராவது சொன்னா நம்பிக் கையெழுத்துப் போட்டுடாதீங்க.

13/ டாக்டரா ரெண்டு வார்த்தை. தீக்காயத்தில் ஓடுற தண்ணியை 20 நிமிஷம் விடுங்க. இங்க், பேஸ்ட், மாவு வேண்டாம். மூடின அறைப் புகையில் மாட்டினவருக்குக் குரல் கரகரன்னு மாறினா, மூக்கில் கரி இருந்தா, வெளிக்காயம் சின்னதா தெரிஞ்சாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. எரியுற செட் பக்கம் போகாதீங்க, அடுத்த அறையும் வெடிக்கும்.

14/ அந்த அம்மாகிட்ட "நீங்க கவனமாத்தான் இருந்திருப்பீங்கம்மா, எனக்குத் தெரியும்" என்றேன். கண்ணை மூடிக்கிட்டாங்க.

அடுத்த தடவை "உராய்வு" என்ற செய்தியைப் படிச்சா மூணு கேள்வி கேளுங்க. அறையில் எத்தனை பேர் இருந்தாங்க? எவ்வளவு மருந்து இருந்தது? உரிமம் யார் பேர்ல, நடத்தினது யார்?

கையைப் பத்தி அப்புறம் பேசலாம்.