மகேந்திரகிரி எஞ்சினும் ஒரு துண்டுத் துணியும்

பணகுடி, காவல்கிணறு பக்கம் போய் வருகிறவர்களுக்கு மகேந்திரகிரி மலையைத் தெரியும். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் நிலையம் இருக்கிறது. “அங்கே ராக்கெட் விடுறாங்க” என்று நம் ஆட்களில் பலர் சொல்வார்கள். விடுவது ஸ்ரீஹரிகோட்டாவில். இங்கே எஞ்சினை அசையாமல் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படி ஓட்டிப் பார்க்கப்படும் எஞ்சின்களில் ஒன்று ‘விகாஸ்’. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

குடிநீர்த் திட்ட பம்ப் ஹவுஸில் காலம் தள்ளியவனுக்கு ராக்கெட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படிக்கப் படிக்க, இதுவும் முக்கால்வாசி பம்ப் சமாச்சாரம்தான் என்று தெரிந்தது.

தீபாவளி ராக்கெட்டில் மருந்தை இடித்து அடைத்திருப்பார்கள். பற்ற வைத்தால் தீரும்வரை எரியும், நிறுத்த முடியாது. திரவ எஞ்சின் அப்படியல்ல. ஒரு தொட்டியில் எரிபொருள், இன்னொன்றில் அதை எரிக்கும் திரவம். மேலே காற்று இல்லாததால் ஆக்சிஜனையும் ஏதாவது ஒரு வடிவில் சுமந்துதான் போக வேண்டும். விகாஸில் எரிபொருள் ஹைட்ரசீன் வகையைச் சேர்ந்தது. மற்றது நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் கொடிய விஷம். ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம்.

சிரமம் எங்கே என்றால், எரியும் அறைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஐம்பது மடங்குக்கு மேல். அதை மீறித் திரவத்தை உள்ளே தள்ள வேண்டும். அதுவும் நொடிக்குச் சுமார் கால் டன். நம் மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டி இரண்டு மூன்று நொடியில் காலியாகிவிடும் வேகம். இதற்குப் பம்ப் வேண்டும், பம்பைச் சுற்ற ஒரு சக்தி வேண்டும். அங்கே ஈ.பி. லைன் ஏது? அதே திரவங்களில் கொஞ்சத்தைப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் எரித்து, வரும் வாயுவால் டர்பைனைச் சுற்றுகிறார்கள். அதே தண்டில் பம்புகள். எங்கள் மோட்டார் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்குள் ஓடும். இது சுமார் 10,000. அந்த வாயுவின் சூடு டர்பைன் இதழ்களை உருக்கிவிடாமலிருக்கத் தண்ணீரைப் பீச்சிக் குளிர்விக்கிறார்கள். இந்தத் தண்ணீரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விகாஸ் பிரான்ஸிலிருந்து வந்தது. எழுபதுகளில் அவர்கள் ஏரியான் ராக்கெட்டுக்காக ‘வைக்கிங்’ என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1974-ல் இஸ்ரோ அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. சதீஷ் தவான் தலைவராக இருந்த காலம். அதற்கு விலையாக நாம் கொடுத்தது முக்கியமாக உழைப்பு, கணக்குப்படி 100 மனித ஆண்டுகள். அதாவது ஐம்பது பேர் போய் இரண்டு வருஷம் வேலை பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. நம் பொறியாளர்கள் பிரான்ஸில் வெர்னோன் என்ற ஊருக்குப் போய் அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள். அவர்களை வழிநடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன்.

வரைபடத்தை மட்டும் வாங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்பைப் பிரித்து மாட்டியவர்களுக்குத் தெரியும், படத்தில் இல்லாத விஷயம்தான் அதிகம். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எதைத் துடைத்து எதைத் தொடாமல் விடுவது என்பதெல்லாம் கூட நின்று வேலை பார்த்தால்தான் கைக்கு வரும்.

இங்கே செய்த எஞ்சினை 1985-ல் வெர்னோனுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. 1993 செப்டம்பர் 20-ல் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் முதன்முதலாகப் பறந்தது. அந்த ராக்கெட் கடலில் விழுந்தது, ஆனால் கோளாறு இந்த எஞ்சினில் இல்லை. 1994 அக்டோபர் 15-ல் முழு வெற்றி. ஒன்றரை மாதம் கழித்து நவம்பர் 30-ல் நம்பி நாராயணனை உளவுக் குற்றம் சாட்டிக் கேரள போலீஸ் கைது செய்தது. 1996-ல் சி.பி.ஐ. அது பொய் வழக்கு என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இடையில் போன வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

இந்த எஞ்சின் குடும்பம் சந்தித்த விபத்துகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது 1990 பிப்ரவரி 22. பிரான்ஸின் ஏரியான்-4 கிளம்பிய உடனே ஒரு வைக்கிங் எஞ்சினின் விசை குறைந்தது. இரண்டு நிமிஷம் ஆவதற்குள் ராக்கெட் சிதறியது. இரண்டு ஜப்பானியச் செயற்கைக்கோள்கள் போயின. விசாரித்தால், தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டுத் துணி! வேலை செய்தபோது யாரோ விட்டது. நான் மேலே சொன்ன அதே தண்ணீர்தான்.

இரண்டாவது நம்முடையது. 2006 ஜூலை 10, ஜி.எஸ்.எல்.வி. பக்கவாட்டில் நான்கு விகாஸ் எஞ்சின்கள். கிளம்பி ஒரு நொடி ஆவதற்குள் ஒன்று விசை இழந்தது. ஒரு நிமிஷத்துக்குள் ராக்கெட் நிலை தடுமாறி உடைந்தது. இன்சாட்-4சி வங்கக் கடலில் போயிற்று. திரவம் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒன்றில், செய்யும்போதே நேர்ந்த பிழை காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அது சோதனைகளிலும் சிக்காமல் தப்பியிருந்தது. மகேந்திரகிரியில் அவர்கள் எஞ்சினை ஏன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

2023 ஜூலை 14 பிற்பகல் சந்திரயான்-3 கிளம்பியதை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முதலில் எரிந்தவை பக்கத்திலிருந்த இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகள். ஏறத்தாழ 108 நொடி கழித்து, நடுவில் இருந்த இரண்டு விகாஸ் எஞ்சின்கள் வானத்திலேயே பற்றிக்கொண்டன. கை தட்டியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ!

அதற்கும் மேலே இருந்த கிரையோஜெனிக் எஞ்சின் தனிக் கதை. இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.